ஆறாம் அறை, எட்டாம் அறை

அன்று அவர் ஏறப்போகும் நான்காவது ஏணி அது. ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் என்று தொங்குகிற அறிவிப்புத் திரைகளையெல்லாம் பழுது பார்ப்பவர் என்பதால் அவருக்குத் திரைக்காரர் என்றே பேர் விழுந்துவிட்டது. காலையிலிருந்தே முட்டி இரண்டும் கெஞ்சிக்கொண்டிருந்தன.

"வாங்க, டிவி டாக்டரே! பேஷன்ட் மேலதான் தொங்குது," என்றாள் டோக்கன் அக்கா. வெளிநோயாளிப் பிரிவில் டோக்கன் கொடுப்பவளுக்கு நோயாளிகள் வைத்த பேர் அது. சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

காரணம் இருந்தது. ஆறாம் அறைக் கண் டாக்டரிடம் போகவேண்டியவர்கள் எட்டாம் அறையில் தோல் டாக்டர் வாசலில் போய் நின்றார்கள். திரும்பி வருவதற்குள் முறை போய்விடும். அக்காதான் அறையை மாற்றிச் சொல்கிறாள் என்று மூன்று புகார்கள். அடுத்த வாரம் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது; புகார் நிலைத்தால் நீட்டிக்கமாட்டார்கள்.

"திரையில கோளாறு இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க சார். மத்ததை நான் பாத்துக்கறேன்," என்றார் மேனேஜர்.

எழுதிவிடலாம் என்றுதான் திரைக்காரருக்கும் தோன்றியது. படம் வருகிறது, நிறம் வருகிறது, வேறென்ன? ஆனால் எங்கே போனாலும் கிளம்புமுன் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒருமுறை பார்ப்பது அவர் வழக்கம். பார்த்தார். டோக்கன் நாற்பத்தொன்று, அறை எட்டு.

"அக்கா, நாப்பத்தொண்ணுக்கு எந்த ரூம்?"

"ஆறு. ஏன், உங்களுக்கும் எட்டா? நீங்களும் ஒரு புகார் எழுதுங்க!"

ஏணியில் ஏறி, திரையின் முதுகைத் திருப்பினார். மூன்று மாதத்துக்கு முன் ஒட்டிய சர்வீஸ் சீட்டு. 'எழுத்து பெரிதாக்கப்பட்டது.' கீழே அவருடைய கையெழுத்தே.

ஞாபகம் வந்தது. எழுத்து சின்னதாக இருக்கிறது என்று அன்று புகார். டோக்கன் புரோகிராமுக்குள் போய் எழுத்தின் அளவைக் கூட்டவேண்டும். பாஸ்வேர்டு வைத்திருந்த ஆள் லீவு. இன்னொரு நாள் வர உடம்பில் தெம்பில்லை. அதற்குப் பதிலாக ரெசல்யூஷனை, அதாவது திரைக்குப் போகும் படத்தின் புள்ளி எண்ணிக்கையை, குறைத்தார். எழுத்து ஒன்றரை மடங்கு ஊதியது. எல்லோருக்கும் சந்தோஷம், அன்று மட்டும் கடைசி வரிசையில் உட்காராமலே போய்விட்டார்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

இறங்கி வந்து தரையைக் காட்டினார். "இந்த டைல்ஸைப் பாருங்கக்கா. திரையும் இப்படித்தான். குறுக்கே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது புள்ளி, பதிச்சது பதிச்சதுதான். நான் அதுக்கு அனுப்ப வெச்ச படத்துல ஆயிரத்து இருநூத்து எண்பதுதான். அப்போ ரெண்டு டைல்ஸ் படத்தை மூணு டைல்ஸ்ல பரப்பணும். ஒண்ணு கருப்பு, ஒண்ணு வெள்ளை. எப்படிப் பரப்புவீங்க?"

"இந்த ஓரம் கருப்பு, அந்த ஓரம் வெள்ளை..." அக்கா நிறுத்தினாள். "நடுவுல?"

"அதான்! பாதி டைல்ஸ் கிடையாதே. ரெண்டையும் கலந்து சாம்பல் நிறம் பூசிடும்."

களைப்பை மறந்து அவர் குரல் ஒரு நொடி துள்ளியது. ஆறின் மேல்வளைவுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒற்றைப் புள்ளி அகலத்தில் ஒரு சந்து இருக்கும். சாம்பல் அங்கேதான் இறங்கியிருந்தது. தூரத்தில் சந்து மூடி, ஆறு எட்டாகிவிடுகிறது.

"பெருசாக்கினா நல்லாத்தானே தெரியணும்?"

"படத்தை இழுத்தா பெருசாகும், தெளிவாகாது. புரோகிராமை எழுத்தையே பெருசா வரையச் சொல்லியிருக்கணும். நான் சொல்லல."

அக்கா அவரையே பார்த்தாள். "மூணு மாசமா கண்டவன் கிட்டயெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டேன். உங்களாலயா?"

"என்னாலதான்க்கா."

பாஸ்வேர்டுகாரர் இன்றைக்கு இருந்தார். ரெசல்யூஷனைப் பழைய இடத்தில் வைத்து, எழுத்தின் அளவைக் கூட்டினார்கள். பிறகு திரைக்காரர் அறிக்கையை எழுதினார்: 'திரையைத் தவறாக அமைத்தது நான். டோக்கன் கொடுப்பவர்மேல் பிழையில்லை.'

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "உங்க கம்பெனி சும்மா விடுமா சார்?"

"விடாது. நீங்க இதை அந்த மூணு புகாரோட சேர்த்து வைங்க."

மேனேஜர் கோப்பைத் திறந்து, அவர் கண்ணெதிரே சேர்த்துக் கட்டினார்.

திரைக்காரர் கடைசி வரிசைக்குப் போனார். உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க மனமில்லை. திரையில் டோக்கன் ஐம்பத்திரண்டு, அறை ஆறு என்று வந்தது. பக்கத்திலிருந்த பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். யாரையும் கேட்காமல் ஆறாம் அறைக்கு நடந்தார்.

கவுன்டரிலிருந்து அக்காவின் குரல் வந்தது: "டிவி டாக்டரே, டோக்கன் இல்லாம உட்காரக் கூடாது." அடுத்த டோக்கனைக் கிழித்துக்கொண்டே சேர்த்தாள்: "சரி, அஞ்சு நிமிஷம் உட்காருங்க."