நான்காம் மாடியில் ஒரு விசாரணை

கணக்கு டீச்சருக்கு வயது முப்பத்திரண்டு. அவளுடைய மூட்டுகளுக்கு மட்டும் எண்பது. முடக்குவாதம். ஒரு நாள் ஓடுவாள், மறுநாள் சீப்பைக்கூடப் பிடிக்க முடியாது. இந்தச் சின்ன விஷயம் குடியிருப்போர் சங்கத்தின் மண்டையில் ஏறவே இல்லை. ஆனால் வைத்தியம் மட்டும் வாரி வழங்கினார்கள்.

"யோசிக்கறதைக் குறைங்க டீச்சர்."

"இந்த வயசுல மூட்டுவலியா? சும்மா இருங்க!"

"படி ஏறுங்க, மூட்டுக்கு நல்லது." இது செயலாளர். அவர் லிஃப்டில்தான் போவார்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க லிஃப்டைப் பூட்டி, அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும் சாவி என்று சட்டம் போட்டிருந்தார்கள். இரண்டாம் மாடியில் இருக்கும் டீச்சருக்கும் ஒரு சாவி வேண்டும். இல்லையென்றால் பள்ளிக்கூட வேலையை விட வேண்டியதுதான். டாக்டர் சீட்டோடு மனு கொடுத்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமை அவள் பஸ்ஸுக்கு ஓடியதைச் செயலாளர் கண்ணாரப் பார்த்துவிட்டாரே! விசாரணை வைத்தார்கள். எங்கே? நான்காம் மாடியில், செயலாளர் வீட்டில். என்ன மூளை, என்ன மூளை! வராவிட்டால் மனு தள்ளுபடியாம்.

அன்று பார்த்து மோசமான நாள். கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, படிக்குப் படி நின்று, மூன்றாம் மாடியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது, முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தாள்.

செயலாளர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, ஏறி வந்துட்டாங்க! அப்புறம் எதுக்குச் சாவி?"

கமிட்டி தலையாட்டியது. மனு தள்ளுபடி. எல்லோரும் கலைந்தார்கள். டீச்சர் மட்டும் சோபாவில் காலை நீட்டினாள்.

"கிளம்பலையா டீச்சர்?"

"ஏறிட்டேன் சார், இறங்க முடியாது. இப்படி வலி வந்தா சரியாக மூணு நாள் ஆகும். ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்க."

அவருக்கு வியர்த்தது. "நான் லிஃப்ட்ல கொண்டுபோய் விடறேனே!"

"ஐயையோ, எனக்கு இன்னும் அறுபது ஆகலையே சார்!"

சமையலறையிலிருந்து செயலாளரின் மனைவி வந்தார். ஆணியில் தொங்கிய கணவரின் சாவியை எடுத்து டீச்சர் கையில் வைத்தார்.

"நீ எடுத்துட்டுப் போம்மா. படி ஏறினா மூட்டுக்கு நல்லதுன்னு இவர்தானே சொன்னாரு? ஏறட்டும்."

டீச்சரின் விரல்கள் மடங்கவில்லை. அந்த அம்மாளே ஒவ்வொன்றாக மடக்கி, சாவியைப் பிடிக்க வைத்தார்.