ஒற்றைக் கயிற்றில் நின்ற பல்

புன்னக்காயல் ஜாய்சியின் ஒரு பல் இரண்டு முறை கடலுக்குப் போய், இரண்டு முறையும் திரும்பி வந்தது. மேல்வரிசை முன்பல்லுக்கு அடுத்து இருக்க வேண்டிய அந்தப் பல் அவளுக்குப் பிறவியிலேயே முளைக்கவில்லை. பத்தொன்பது வயது வரை வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரித்தாள். இரண்டு கையிலும் தண்ணீர்க்குடம் இருந்தால் அந்த நேரத்துக்குச் சிரிப்பதேயில்லை. 2007ஆம் ஆண்டு ஆனி மாதம், பாளையங்கோட்டைப் பல் டாக்டர் தேவசிகாமணி ஒரு பீங்கான் பல்லின் முதுகில் இரண்டு மெல்லிய உலோகச் சிறகுகள் வைத்து, அக்கம்பக்கத்துப் பற்களை ராவாமல், இரண்டோடும் பசைபோட்டு ஒட்டி, நீல விளக்கைக் காட்டி அனுப்பினார். பஸ்ஸில் வழி முழுக்க ஜாய்சி சிரித்துக்கொண்டே வந்தாள். ஆத்தூரில் ஏறிய யாரோ ஒருவர், தெரிந்த பிள்ளை என்று நினைத்து, வீட்டில் எல்லோரையும் விசாரித்தார்.

ஐந்தாம் நாள் அமாவாசை. ஆறும் கடலும் சேருமிடத்தில் தண்ணீர் வற்றத் தொடங்கிய முற்பகலில் பல் தானாகக் கழன்று, தாடை வழியாக இறங்கி, தெரு மணலில் பைய உருண்டு, வற்றுகிற தண்ணீரோடு கடலுக்குள் போய்விட்டது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். எட்டாம் நாள் அவள் அப்பா கிளமென்டின் வலையில், இரண்டு சாளை மீனுக்கு நடுவே, கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. டாக்டர் கழுவி மறுபடி ஒட்டினார். பௌர்ணமிக்கு மறுபடி போனது. பக்கத்து வீட்டு ரெனிஷா, "ஒம் பல்லுக்கு இருக்க கடல் ஆச எங்க வீட்டு மனுசனுக்கு இல்லையே, ஏட்டி" என்றாள். இந்த முறை அப்பாவின் வள்ளத்து நங்கூரக் கயிற்றைப் பற்றிக்கொண்டு ஏறி வந்தது.

இன்னொரு முறை ஒட்டிப் பயனில்லை, பக்கத்திலுள்ள இரண்டு நல்ல பற்களையும் கட்டையாக ராவி மேலே உறை போட்டுவிடலாம் என்றார் டாக்டர். ஜாய்சி வாயிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

"இருக்க ரெண்டையும் தின்னாத்தான் இல்லாத ஒண்ணு நிக்குமா சார்?"

கூட வந்திருந்த கிளமென்ட் பல்லை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் கட்டியிருக்கியளே டாக்டரய்யா. ஆத்து வாயில வள்ளத்த எவனாவது இப்பிடிக் கட்டுவானா? தண்ணி வத்தும்போது அறுத்துக்கிட்டுத்தான் ஓடும். முன்னால ஒத்தக் கயிறு போடுங்க. அது பாட்டுக்குத் திரும்பிக்கிடும்."

"ஒத்தச் சிறகுல பல்லு நிக்குமா அண்ணாச்சி?"

"வள்ளம் நிக்குதுல்லா."

பக்கத்துப் பற்கள் இரண்டும் கடிக்கும்போது ஒரே பக்கமாக அசைவதில்லை என்பது டாக்டர் படித்ததுதான். வள்ளத்தோடு சேர்த்து அதை யோசித்ததில்லை. ஒரு சிறகை வெட்டியெடுத்துவிட்டு, பல்லை ஒரு பக்கம் மட்டும் ஒட்டினார்.

அடுத்த அமாவாசை காலையில் தெருவே ஜாய்சி வீட்டில் கூடியிருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வாயைத் திறந்து காட்டினாள். தண்ணீர் வற்ற வற்றப் பல் ஒரு அரிசி அகலம் வெளிப்பக்கமாகத் திரும்பி, நின்றது. தண்ணீர் ஏற்றத்தில் தன் இடத்துக்கு வந்தது. காப்பி குடித்துவிட்டு எல்லோரும் வேலைக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு அவள் ஜெனிஸ்டனைக் கட்டி, இரட்டைப் பிள்ளை பெற்று, கடைவாய்ச் சொந்தப் பல் ஒன்றைச் சொத்தைக்குக் கொடுத்தாள். ஒட்டிய பல் பதினெட்டு வருடமாக அங்கேயே இருக்கிறது. தேவசிகாமணி வருடம் ஒருமுறை பார்த்து, 'ஒட்டு உறுதி, ஈறு நலம்' என்று எழுதிவைக்கிறார். போன மாதம் பார்க்கும்போது பல் திரும்பத் தொடங்கியிருந்தது. அவர் வாயிலிருந்து கண்ணாடியை எடுத்துவிட்டு, "வத்தம் ஆரம்பிச்சிட்டும்மா, வள்ளத்த எடுக்கச் சொல்லி அப்பாவுக்கு ஒரு போன் போட்டுரு" என்றார். ஒரு கையில் போனும் இன்னொரு கையில் மருந்துச்சீட்டுமாக, ஜாய்சி வாய் நிறையச் சிரித்தாள்.