அந்த அறையில் மோசஸ் சொன்னது

மத்திய அமைச்சர் மோசஸ் சொந்த ஊருக்கு வருகிறார் என்றால் ஊட்டிப் பக்கத்து ஜெகதளாவில் வழக்கமாகச் சரவெடி வெடிக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஊசிப்பட்டாசுகூட இல்லை. காலை ஆராதனை முடிந்து சர்ச் ஹாலில் கூடியிருந்தவர்கள் எல்லாரும் சின்னத் தேயிலை விவசாயிகள். பச்சை இலையைப் பறித்து ஃபாக்டரிக்குப் போட்டு, அதில் வருவதை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள். வெளிநாட்டுத் தேயிலைக்கு இருந்த இறக்குமதி வரியை மத்திய அமைச்சரவை அடியோடு எடுத்துவிட்டது. இனி உள்ளூர் இலைக்கு என்ன கதி என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மோசஸின் அக்கா ஜெஸிந்தா முன்வரிசையில் இருந்தாள். அவளுக்கும் இரண்டு ஏக்கர் தேயிலைதான். கணவன் இறந்த பிறகு அந்த இலையில்தான் தன் பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தாள். தேர்தலில் தம்பிக்காக வீடு வீடாக ஏறி இறங்கியதும் அவள்தான். "எந்தம்பி டெல்லியில இருந்தா நம்ம இலைக்கும் பேசறதுக்கு ஒரு வாய் இருக்குமுங்க" என்று அவள் சொன்னதற்காகவே பாதி ஊர் ஓட்டுப் போட்டது. வரியை எடுக்கப்போகிறார்கள் என்று பேப்பரில் வந்த அன்றைக்கே தம்பிக்கு ஃபோன் போட்டாள்.

"நான் இருக்கற வரைக்கும் விடுவனாக்கா?" என்றார் மோசஸ்.

சொல்லிவிட்டு, மறுநாளே விட்டுவிட்டார்.

அமைச்சரவைக் கூட்டம் என்றால் மேசையைத் தட்டுவார்கள், வாக்குவாதம் பறக்கும், கடைசியில் கை தூக்கச் சொல்லி எண்ணுவார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியெல்லாம் ஒன்றும் நடப்பதில்லை. துறை அமைச்சர் விஷயத்தைச் சொல்வார். யாருக்காவது மறுப்பு இருந்தால் பேசலாம். பிரதமர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதுதான் முடிவு என்று தொகுத்துச் சொல்வார். அவ்வளவுதான். உள்ளே எதிர்த்தவர், ஆதரித்தவர், வாயே திறக்காதவர் எல்லாருக்கும் வெளியே வந்தால் ஒரே பேச்சு. ஒத்துக்கொள்ள முடியாதவர் ராஜினாமா செய்துவிட்டுப் போகலாம். உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் வெளியே சொல்லக் கூடாது; பதவியேற்கும்போதே அதற்கென்று தனியாக ஒரு பிரமாணம் எடுத்துக்கொள்கிறார்கள். மனதில் உள்ளதை அமைச்சர்கள் பயமில்லாமல் பேசட்டும் என்று வைத்த ஏற்பாடு. பேசாத அமைச்சருக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்று அதை வைத்தவர்கள் யோசித்தார்களோ இல்லையோ.

மோசஸ் நாலு வார்த்தை தயார் பண்ணிக்கொண்டுதான் போனார். குளிக்கும்போது சொல்லிக்கூடப் பார்த்தார். ஆனால் அமைச்சரவை மாற்றம் வருகிறது என்று டெல்லி முழுக்கப் பேச்சு. அவர் கையில் இருந்தது மீன்வளம். மலையில் பிறந்தவனுக்கு மீன்வளம்! ஊட்டி ஏரியில் மீன் பிடிக்கிறாயா என்று நண்பர்கள் கேலி செய்து ஓய்ந்துவிட்டார்கள். இந்த முறை ரயில்வே கிடைக்கலாம் என்று காதில் விழுந்திருந்தது. யாருக்கு எந்தத் துறை என்பது பிரதமர் ஒருவர் கையில் இருக்கிறது.

வணிக அமைச்சர் பேசி முடித்ததும் பிரதமர் தானாகவே இந்தப் பக்கம் திரும்பினார். "மோசஸ், உங்கள் மலைக்காரர்களுக்கு என் மேல் கோபம் வருமா?" என்று அந்த அம்மையார் ஆங்கிலத்தில் கேட்டார். வாயில் ஊட்டிவிட்டதைப் போன்ற வாய்ப்பு. வரும் என்று சொன்னால் போதும், மிச்சத்தை அவரே கேட்டிருப்பார்.

"எங்கள் ஊரில் குளிர் அதிகம் மேடம். கோபம் சூடாக நேரமாகும்" என்றார் மோசஸ்.

அறை முழுக்கச் சிரிப்பு. பிரதமரும் சிரித்தார். சிரித்த முகத்தோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த ஜோக்கும் அவர் சொந்த ஜோக் இல்லை. சின்ன வயதில் அப்பா பெல்ட்டைக் கழற்றும்போதெல்லாம் குறுக்கே வந்து நின்று ஜெஸிந்தா சொல்வது. "இந்தக் குளுருக்குக் கோவம் சூடாக நேரமாகும்ப்பா, அதுக்குள்ள அவன் ஓடிருவான்" என்பாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். தம்பி தப்பித்துவிடுவான். அப்படித் தம்பியைக் காப்பாற்றிய வார்த்தையை எடுத்துக்கொண்டு போய்த்தான் இவர் டெல்லியில் விற்றுவிட்டு வந்தார்.

சர்ச் ஹாலில் வசந்த்குமார் எழுந்தார். ஜெஸிந்தாவின் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அவருடையது. அதிர்ந்து பேசாத மனிதர்.

"ஏனுங்க சார், ஒரே ஒரு கேள்விதானுங்க. அந்த ரூமுக்குள்ள நம்ம இலையப் பத்தி நீங்க என்ன சொன்னீங்க?"

மோசஸ் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அமைச்சரவையின் முடிவு எல்லா அமைச்சர்களுடைய முடிவு என்றார். அதைத் தானும் ஏற்கிறேன் என்றார். உள்ளே பேசியதை வெளியே சொல்வதில்லை என்று ரகசியக் காப்புப் பிரமாணம் எடுத்திருப்பதையும் சொன்னார். எல்லாமே உண்மை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அவருக்கே கூசியது.

"ஒத்துக்க முடியலைன்னா ராஜினாமா பண்ணிட்டு வந்திருக்கலாமுங்களே?" என்றார் வசந்த்குமார்.

அதற்குள் ஜெஸிந்தா எழுந்துவிட்டாள்.

"வசந்த்குமாரு, அவன் வாயப் புடுங்காதீங்க. ஆண்டவர் பேரால சத்தியம் பண்ணிருக்கான், நான் டிவியில பாத்தேன். அவன் சொல்ல மாட்டான், நான் சொல்றேன். தனியாளா நின்னு நமக்காகப் பேசிருப்பான். அத்தன பேருக்கு நடுவுல எடுபட்டிருக்காது. அதுக்கு அவன் என்னங்க பண்ணுவான்? கோவிச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டா, அடுத்த தடவ நமக்காகப் பேச அங்க ஆரு இருக்கா?"

அவள் தம்பியைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "உக்காருங்க, உக்காருங்க. நம்மூருக் குளுருக்குக் கோவம் சூடாக நேரமாகுமுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். டெல்லியில் சிரித்த அதே சிரிப்பு. மோசஸ் குனிந்து மேசை விரிப்பைப் பார்த்தார். அங்கேயே மண்ணுக்குள் போய்விட்டால் தேவலை என்று இருந்தது. எழுந்து, இல்லை, நான் பேசவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டாவது தடவையும் சொல்லவில்லை. வசந்த்குமார் மேடைக்கு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க சார், புரியாமப் பேசிட்டனுங்க" என்றார். யாரோ ஒருவர் சால்வை போர்த்தினார்.

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. பாதுகாப்புக்கு வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். உள்ளே இவர்கள் இரண்டு பேர்தான்.

"கறி நல்லா வெந்திருக்குதா? எளச்சுப் போயிட்ட, மோசஸு."

"அக்கா, அந்த ரூம்ல நான்..."

"வேண்டாம். எங்கிட்டயும் சொல்லாத. சத்தியம்னா சத்தியந்தான்."

அத்துடன் விட்டிருக்கலாம். சட்டமும் சொல்லாதே என்றது, அக்காவும் சொல்லாதே என்றாள். ஆனால் மோசஸ் விடவில்லை.

"ஹால்ல நீ சொன்னியேக்கா, குளுருக்குக் கோவம் சூடாக நேரமாகும்னு. அதத்தான் நான் அங்கயும் சொன்னேன்."

"எங்க?"

"அந்த ரூம்ல. உங்க சனத்துக்குக் கோவம் வருமான்னு பிரதமர் கேட்டாங்க. இதச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

ஜெஸிந்தாவும் கொஞ்சம் சிரித்துவிட்டாள். "செரி, அப்புறம் என்ன பேசின?"

"அவ்வளவுதான்க்கா."

அவள் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்கு மேலேயே நின்றது. தம்பியின் முகத்தை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. திட்டுவாள் என்று காத்திருந்தார். அப்பா பெல்ட்டை எடுத்த நாட்களில்கூட இவ்வளவு பயந்ததில்லை. இப்போது குறுக்கே வந்து நிற்க அக்கா இல்லை.

வாசலில் வசந்த்குமாரின் குரல் கேட்டது. ஒரு பை நிறைய காரட் கொண்டுவந்திருந்தார். ஜெஸிந்தா போய்க் கதவைத் திறந்தாள்.

"சார் டெல்லிக்கு எடுத்துட்டுப் போகட்டுமுங்க, காலையில புடுங்குனது. நான் பேசுனத மனசுல வெச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க." அவர் கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணே ஒண்ணுங்க. ஊட்டுல கேப்பாங்க, உறுதியாச் சொல்லோணும். சார் நமக்காகப் பேசுனாருங்கல்ல?"

மோசஸ் தட்டில் கையை வைத்தபடியே இருந்தார். ஜெஸிந்தா பொய் பேசி அவர் கேட்டதில்லை. அவள் காரட் பையை வாங்கிக் கதவோரம் வைத்தாள்.

"பேசுனானுங்க" என்றாள்.

வசந்த்குமார் கும்பிட்டுவிட்டு மனநிறைவோடு போனார். அவள் திரும்பி வந்தாள். வெளியூர்க்காரரைப் பார்ப்பதுபோல் தம்பியைப் பார்த்தாள்.

"அக்கா..."

"பேசாத. இனி வெளிய எனக்கும் உனக்கும் ஒரே பேச்சுதான்." காரட் பையைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். "இத நீயே எடுத்துட்டுப் போயிரு. எங்கூட்டுல வெச்சுக்க எனக்குக் கூச்சமா இருக்குது."