வஜீஹாவின் வாயில் ஒட்டிய போஸ்டர்

1

இந்தக் கதை ஒரு மூலநோய் விளம்பரத்தில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பைக் கொடுக்கலாமே என்று, ‘அடையாற்றின் மீது அந்திச் சிவப்பு படர்ந்தபோது அந்தச் சுவர்…’ என்று தொடங்கினேன். அந்தச் சுவர் என்ன செய்தது என்று எனக்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

2

நேராகவே சொல்கிறேன். அடையாறில் ஒரு காம்பவுண்டு சுவர். ஓவியர்கள் சிலர் வந்து, அங்கே இஸ்திரி வண்டி போட்டிருக்கும் வஜீஹாவைப் பார்த்து அதில் அவள் முகத்தைப் பெரிதாக வரைந்துவிட்டுப் போனார்கள். ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து வரும் பிரிஸில்லா, ஒரே இடத்தில் நின்று அதைப் படம் எடுப்பாள். மூன்று வருடமாக. [நான்கா? கதைக்கு மூன்று போதும்.] வெயிலில் கன்னம் வெளுத்தது, எவனோ மீசை வரைந்தது, ஒரு கட்சி நெற்றியை முன்பதிவு செய்தது, எல்லாம் அவளிடம் இருக்கிறது. அவளுக்கு ஒரே விதி: சுவர் தன் போக்கில் மாற வேண்டும், அவள் கை படக்கூடாது.

3

வஜீஹாவை முதலில் சோகமானவளாக எழுதினேன். இரண்டு வரிகூட அழமாட்டேன் என்றுவிட்டாள்.

அந்த ஞாயிறு, சுவரில் அவள் வாயை மறைத்து ‘மூலம், பௌத்திரம்: ஆபரேஷன் தேவையில்லை’ என்று ஒரு போஸ்டர்.

“என் பொண்ணைப் பாக்க மாப்ள வூட்டுக்காரங்க வந்துகினு கீறாங்க. இத்தத் தாண்டித்தான் வரணும். சம்பந்தி ஆவப்போறவ வாயில மூலம்னு கீது! கிழி பாப்பா. எனக்கு எட்டல. நீதான் கரண்ட் கம்பம் மாதிரி வளந்துகீறே.”

“நான் தொடக்கூடாதுக்கா. தொட்டா மூணு வருஷ வேலை பொய்யாயிடும்.”

“மீச வரைஞ்சவன் உன்னாண்ட கேட்டானா? ஊரே கை வெக்கிது. நீ மட்டும் இன்னா, வெளியூரா?”

பிரிஸில்லா போனைத் தூக்கி, போஸ்டரோடு சேர்த்தே படம் எடுக்கப் போனாள். [நான் எழுந்து போய் ஒரு டீ குடித்தேன்.]

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மழை வந்து போஸ்டரை ஊறவைத்து உரிக்கிறது. சித்திரையில் மழையா என்று வஜீஹா சண்டைக்கு வருவாள், அந்த முடிவை அடித்துவிட்டேன். மற்றொன்றில் மாப்பிள்ளை வீட்டார் வழி தவறி வேறு தெருவில்… இது என் கோழைத்தனம்.

கடைசியில் வஜீஹா போனைப் பிடுங்கிக்கொண்டாள். “செவுத்தாண்ட போய் நில்லு. இன்னிக்கு நான் எடுக்கறேன்.”

அவள் எடுத்த படம் இதுதான். பாதி, அவளுடைய கட்டைவிரல். மீதியில் பிரிஸில்லா குதிகாலைத் தூக்கி எக்கி நிற்கிறாள். போஸ்டரின் ஓரம் சுவரைவிட்டு எழும்பியிருக்கிறது. அதன்மேல் அவள் விரல்கள். உரிக்கிறாளா, அழுத்தி ஒட்டுகிறாளா, படத்தில் தெரியவில்லை.

நான் பேனாவை மூடிவிட்டேன். அந்த விரல்களை இனி நீங்கள்தான் நகர்த்த வேண்டும். சீக்கிரம், மாப்பிள்ளை வீட்டார் ஆட்டோ தெருவுக்குள் திரும்பிவிட்டது.