கை படாத தொகுதி

கட்சிக்கு வேட்பாளர் யார் என்று கட்சி ஆட்களே வாக்குப் போட்ட நொமினேசனின் முடிவு வாசிக்கப்பட்ட ஞாயிறு பின்னேரத்திலிருந்து, அந்தத் தொகுதியில் நவரட்ணத்துக்கு வாக்குப் போட்டவர்களின் கை, பஸ்ரியனுக்கு வாக்குப் போட்டவர்களின் உடம்பில் படவில்லை, அவர்களுடைய கை இவர்களிலும் படவில்லை. புகைக்குள் விட்டதுபோல உள்ளே போய் மறுபக்கத்தால் வந்தது. கையுறை போட்டுப் பார்த்தார்கள், துவாய் சுற்றிப் பார்த்தார்கள். அவையும் கையோடு சேர்ந்து போயின. வென்ற பஸ்ரியனும் தோற்ற நவரட்ணமும் படத்துக்குக் கை குலுக்கப் போய், பிடி கிடைக்காமல் மேடையிலிருந்து விழப் பார்த்தார்கள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பெல்லாம் வீடு போய்ச் சேரும்வரைக்கும்தான்.

இரகசிய வாக்கு என்ற ஒன்று அதற்குப் பிறகு இல்லை. எங்கள் ஆட்கள் புலம்பெயர்ந்து வந்து நெருக்கிக் குடியிருக்கும் டோர்செட் பார்க் மாடிக் கட்டடங்களில் ஒரே கட்டிலில் படுத்தெழும்பிய புருசன் பெண்சாதி யார் யாருக்குப் போட்டார்கள் என்பது ஒரே இரவில் வெளிச்சமாகிவிட்டது. நவரட்ணத்துக்காகத் தொண்டை கட்டக் கத்தித் திரிந்த றீற்றாவுக்கு அது குளியலறையில் தெரியவந்தது. அவளுடைய மனிசன் மரியரட்ணத்துக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. அவரைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, படுக்கவைப்பது எல்லாம் அவள்தான். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டுபோய் வாக்குப் போடவைத்ததும் அவளேதான். அன்றிரவு வழக்கம்போல அவருடைய கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்கினாள். கை நெஞ்சுக்குள்ளால் வெளியே வந்தது. மனிசன் நிலத்தில் விழுந்தார். அவள் குனிந்து, தண்ணீரை அள்ளுவதுபோல அள்ளி அள்ளிப் பார்த்தாள்.

"எனக்கு ஓம் எண்டெல்லோ சொன்னனீங்கள்!"

"பஸ்ரியன் வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கேட்டவன், றீற்றா. குடிச்சுக்கொண்டிருக்கிறவனுக்கு என்னெண்டு இல்லையெண்டிறது?"

எங்கள் ஆட்களின் வியாதியே இதுதான். வீட்டுக்கு வந்தவன் எவனுக்கும் முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லத் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் ஓம் என்று தலையாட்டிவிட்டு, கடைசியாகத் தேத்தண்ணி குடித்தவனுக்குக் குத்திவிட்டு வருவார்கள். றீற்றாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அவருக்கு நாலு போட்டிருப்பாள், அதற்கும் கை படவேண்டுமே! மனிசனோ குளிர்ந்த நிலத்தில் நடுங்கிக்கொண்டு கிடந்தார். மேல்மாடியிலிருந்து அவள் கூப்பிட்டு வந்தவர்கள் எல்லாரும் நவரட்ணத்தின் ஆட்கள். அவர்களுக்கும் அவர் அகப்படவில்லை. பராமரிப்புக்கு வரும் வெள்ளைக்காரப் பெண் கிழமையில் இரண்டு தரம்தான் வருவாள். இரண்டு பக்கமும் போட்டிக்குக் கட்சி மெம்பர்ஷிப் சேர்த்த சேர்ப்பில், வாக்குப் போடாத தமிழர் என்று அந்தக் கட்டடத்தில் எவரும் மிச்சமில்லை.

மிஞ்சியது எதிர்வீட்டுச் சுபாங்கி. பஸ்ரியனுக்காக வேலை செய்தவள். அவளுடைய கதவில் ஒட்டியிருந்த பஸ்ரியனின் படத்தைக் கிழித்தெறிந்தது இதே றீற்றாதான். அந்தக் கதவையே போய்த் தட்டினாள். சுபாங்கி வந்து மரியரட்ணத்தைக் கட்டிலில் ஏற்றினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "என்ர மாமியையும் ஒருக்கா வந்து பாருங்கோ, அன்ரி. உங்கட பக்கம் போட்டிருக்கிறா. சத்தியமா எனக்குத் தெரியாது" என்றாள். அன்று தொடக்கம் சுபாங்கி இவரைத் தூக்க, றீற்றா அங்கே போய் பாலேஸ்வரி மாமியின் வீங்கின காலைக் கழுவினாள். கட்டடம் முழுக்க இப்படித்தான் ஓடியது.

கட்சி ஒற்றுமைக் கூட்டம் வைத்தது. பொதுத் தேர்தலில் ஒன்றாக நின்று வென்றால் கை பட்டுவிடும் என்று பேசினார்கள். அது உண்மையா என்று ஒருவருக்கும் தெரியாது, றீற்றா நம்பினாள். நம்பாமல் வேறென்ன செய்வாள்? கண்ணில் காட்டக்கூடாது என்றிருந்த பஸ்ரியனுக்காக தொகுதியின் வோபர்ன் பகுதி முழுக்கப் பனிக்குள் கதவு கதவாகத் தட்டினாள். காய்ச்சலோடும் போனாள். அவளுக்குக் கட்சியும் வேண்டாம், பஸ்ரியனும் வேண்டாம். தன்னுடைய மனிசனை ஒருக்காத் தொடவேண்டும், அவ்வளவுதான்.

பஸ்ரியன் பெரிய வித்தியாசத்தில் வென்றார். மண்டபத்தில் மேளம் அடிக்க, றீற்றா சப்பாத்தும் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடிவந்து மனிசனின் கன்னத்தில் கை வைத்தாள். கை தலையணையில் பட்டது.

"வெண்டிட்டமோ?" என்று மரியரட்ணம் கேட்டார்.

"ஓம். வெண்டிட்டம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் அழுத அழுகை எதிர்வீட்டுக்கும் கேட்டது.

விடிய வழக்கம்போலச் சுபாங்கி வந்து அவரை நிமிர்த்தி இருத்தினாள். அவள் திரும்பப் போகும்போது றீற்றா மறித்தாள்.

"நெத்தியை ஒருக்காத் தடவிவிடு பிள்ளை. உப்பிடியில்லை. புருவத்தில துவங்கி மேல கொண்டுபோ. பெருவிரலால. இன்னும் மெதுவா."

சுபாங்கி அப்படியே தடவினாள். மரியரட்ணம் கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான்," என்றார், "இது நீதான், றீற்றா."