பக்கவாட்டு முகம்

சுவிசேஷமுத்து தேயிலைத் தோட்டமொன்றில் தலைமை எழுத்தராயிருந்து ஓய்வு பெற்றவர். வெளியே புறப்பட்டால் கோட்டின் பொத்தான்களை ஒன்று விடாமல் இட்டுக்கொள்வார். எவருடன் சென்றாலும் முன்னே நடப்பார். மனைவி மெட்டில்டா இறந்து ஓராண்டு நிறையுமுன் தங்கள் இருவர் படங்களையும் வரைவித்து வீட்டுக் கூடத்தில் மாட்ட விரும்பி, மகள் தபித்தாளுடன் குன்னூர்க் கடைவீதி மேட்டை ஏறினார். ஏறியதும் ஓவியர் லூயிஸின் கடை நாற்காலியில் ஓய்ந்து சாய்ந்தார்.

லூயிஸ் பழைய இத்தாலிய ஓவியங்கள் அடங்கிய புத்தகத்தை விரித்தார். ஒரு பிரபுவும் அவர் மனைவியும் தனித்தனிப் பலகைகளில், பக்கவாட்டு முகத்தினராய், ஒருவரையொருவர் நோக்கியிருந்தனர்.

“காசுல ராசா தலை இருக்குமுங்களே, அந்த மாதிரி. அந்தம்மா கழுத்து முத்தைப் பாருங்க, ஊட்டோட பவிசு தெரியும். பின்னால இருக்கற நெலமெல்லாம் அவருது. ஆனா ஆளு எப்படீன்னு வாயிலதானுங்க இருக்குது. என்னமா இறுக்கி மூடியிருக்காரு!” என்றார் லூயிஸ்.

“அப்பாவேதான்,” என்றாள் தபித்தாள்.

“இப்படியே வரைங்க,” என்றார் சுவிசேஷமுத்து. “எனக்குப் பின்னால தோட்டம். அவளுக்கு முத்துமாலை.”

“அம்மாவுக்கு ஏதுங்கப்பா முத்து?”

“படத்துலயாவது போட்டுக்கட்டும்.”

சபையின் மாதர் சங்கப் படத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டை நீட்டினார். மெட்டில்டாவுக்கு வேறு படம் இல்லை. அதில் அவள் நேரே பார்த்திருந்தாள்.

“பக்கவாட்டுல எப்படி இருப்பாங்க? மூக்கு நுனி தூக்கலுங்களா? தாடை உள்வாங்குனதுங்களா?”

சுவிசேஷமுத்து நினைத்துப் பார்த்தார். கண்களை மூடிக்கொண்டார். சந்தைக்கும் ஆலயத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவள் அவருக்குப் பின்னாலேயே வந்திருக்கிறாள். செருப்போசை நினைவுக்கு வந்தது. முகம் வரவில்லை.

“பாப்பாவை உக்கார வெச்சு வரைஞ்சுரலாமுங்களா?”

“எனக்கு அப்பா மூக்குங்க. அதைக் கொண்டுபோய் அம்மாவுக்கு ஒட்டீராதீங்க,” என்ற தபித்தாள், தந்தையின் முகத்தைக் கண்டு குரலைத் தாழ்த்தினாள். “நான் சொல்லட்டுங்களாப்பா? எனக்கு ஞாபகம் இருக்குது.”

“வேண்டாம்மா. எனக்கில்லையே.”

வெளியே மூடுபனி கடைப்பலகைகளை மறைத்திருந்தது.

“முத்து வேண்டாங்க, தோட்டமும் வேண்டாங்க,” என்றார் சுவிசேஷமுத்து. “அவ இந்தப் படத்துல இருக்கறபடி நேராவே இருக்கட்டும். என்னை மட்டும் அவ பக்கமாத் திருப்பி வரைங்க.”

“சோடி சேராதுங்களே. அவங்க உங்களைப் பார்க்கற மாதிரி இருக்காதுங்க.”

“தெரியுமுங்க. அப்படியே வரைங்க.”