இஞ்சேர் என்றதும் திரும்பியவர்கள்

"நான் உங்களை என்னண்டு கூப்பிடுறது?"

"ஒண்டும் கூப்பிடத் தேவையில்லை. ரெண்டு பேர்தானே இருக்கிறம். நீர் கதைச்சால் என்னோடைதான் கதைக்கிறீர் எண்டு எனக்கு விளங்கும்."

கல்யாணம் முடிந்த வாரம், லண்டன் நோர்பரியில் ஒரு வாடகை அறையில் நடந்த பேச்சு அது. கணேஸ்வரன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிவரூபினியும் சிரித்தாள். அப்படியென்றால் என்னை நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று அவள் அன்றைக்குக் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை குளியலறைக்குள்ளிருந்து, "இஞ்சேர், அந்தத் துவாயை ஒருக்கா எடுத்துத் தாரும்" என்று குரல் வந்தது. 'இங்கே பாரும்' என்பதுபோல ஒரு விளிப்பு. இருபத்தைந்து வருடமாக அந்த 'இஞ்சேர்'தான் அவள் பெயர்.

அவர் நல்ல மனிதர். அவருடைய அப்பாவும் அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டாராம். மனைவியின் பெயரை வாய்விட்டுச் சொல்வதென்றால் அவருக்குச் சட்டை போடாமல் தெருவில் இறங்குவது போலக் கூச்சம். ஆரம்பத்தில் அவளும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு அவள் அம்மா, மைத்துனர்களுக்கு அண்ணி. டூட்டிங்கில் அவள் வேலை செய்யும் மருந்துக்கடையில் பெயர் நீளம் என்று சொல்லி, சட்டையில் குத்தும் பட்டியில் 'சிவா' என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டவர் கனடாவிலிருந்த அவளுடைய அம்மா மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அந்தப் பெயர் வரும்.

போன மாசியில் அம்மா இறந்துபோனார். சில வாரங்கள் கழித்து, கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது அவளுக்குத் திடீரென்று உறைத்தது. இனி அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் ஆளில்லை.

அன்றே கணவரிடம் கேட்டுவிட நினைத்தாள். அவர் தன்னுடைய பலசரக்குக் கடையைப் பூட்டிவிட்டுக் களைத்து வந்தார். சோற்றைப் போட்டாள், குழம்பை விட்டாள், கேட்காமலே கோப்பையைக் கழுவி வைத்தாள். அதற்குப் பிறகும் பல நாட்கள் அப்படித்தான். ஐம்பது வயதில் இதை எந்த முகத்தோடு கேட்பது?

கல்யாண வெள்ளி விழாவுக்கென்று மகள் தனுஷியா ஒரு வேலை செய்தாள். ஈஸ்ட் ஹாமிலிருந்து புறப்படும் தமிழ்ச் சுற்றுலா பஸ்ஸில் இருவருக்கும் இடம் பதிந்து, "அப்பா, கடையைத் தம்பி பார்ப்பான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று கட்டளை போட்டாள். ஜெர்மனியைத் தாண்டி ஆஸ்திரியாவுக்குப் போகும் பஸ். புளிச்சாதமும் கச்சான் கடலையும் கைக்குக் கை மாற, மூன்றாம் நாள் ஹால்ஸ்டாட் என்ற ஏரிக்கரைக் கிராமத்தில் வந்து நின்றது.

பஸ்ஸை நடத்தும் நவரத்தினம் ஒலிவாங்கியைப் பிடித்தார். "மூண்டு மணிக்கு எல்லாரும் இஞ்சை நிக்கவேணும். பிந்தினால் இந்த நாட்டிலையே அகதியெண்டு அசைலம் அடிக்கவேண்டியதுதான். பழகின வேலைதானே!"

பஸ் முழுக்கச் சிரித்தது. சிவரூபினி சிரிக்க மறந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மலை நேரே தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. இடையில் கிடைத்த கொஞ்ச நிலத்தில், ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பதுபோல மர வீடுகள். உச்சியில் இன்னும் பனி. ஒரு வீட்டுச் சுவரோடு ஒரு பேரிக்காய் மரத்தைத் தட்டையாகப் படரவிட்டு வளர்த்திருந்தார்கள். இங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், சத்தம் போடாதீர்கள் என்று ஆங்காங்கே பலகைகள்.

"எங்கட சனத்துக்கு வைக்கவேண்டிய இடத்திலைதான் வைச்சிருக்கிறாங்கள்" என்றார் கணேஸ்வரன், ஒரு பலகையைக் காட்டி. பிறகு ஒரு கடைக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். "தண்ணிப் போத்தல் இந்த விலையோ? நாங்கள் கடையைப் பிழையான ஊரிலை போட்டிட்டம், இஞ்சேர்."

மேலே தேவாலயத்துக்குப் பின்னால் மண்டையோடுகள் வைத்திருக்கும் அறை ஒன்று உண்டு, விரும்பியவர்கள் பார்க்கலாம் என்று நவரத்தினம் சொல்லியிருந்தார்.

"ஐயோ, எனக்கு வேண்டாம்!" பஸ்ஸில் பின் இருக்கையில் வந்த பவளக்கொடி கையை உதறினாள். "செத்தவீட்டுக்குப் போன மாதிரி. தலை முழுகாமல் எப்பிடி பஸ்ஸிலை ஏறுறது?"

"நான் ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்றாள் சிவரூபினி.

"உமக்கு விசரோ? ஏரியைப் பாக்க வந்து எலும்பைப் பாக்கப் போறீர்." சொல்லிக்கொண்டே கணேஸ்வரன் அவளுடைய கைப்பையை வாங்கித் தன் தோளில் கொழுவினார். "முழங்கால் கவனம். ஆறுதலா ஏறும்."

சின்ன அறை. உள்ளே குளிர்ந்தது. பயப்படத்தான் போகிறோம் என்று நினைத்து நுழைந்தவளுக்குப் பயம் வரவில்லை. மரத்தட்டுகளில் வரிசையாக மண்டையோடுகள். பலவற்றின் நெற்றியில் பூமாலையோ இலைக்கொடியோ தீட்டியிருந்தது. கூடவே ஒரு பெயர்.

வாசலில் இருந்த பெண் விளக்கினாள். மலைக்கும் ஏரிக்கும் நடுவில் இடுகாட்டுக்கு இடம் போதாது. ஆகையால் சில வருடங்களில் எலும்புகளை எடுத்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விடுவார்கள். எடுத்த தலையை வெயிலில் உலர்த்தி, பூ வரைந்து, பெயர் எழுதி வைப்பார்களாம். யார் யாரென்று மறந்துவிடக் கூடாதல்லவா?

சிவரூபினி குனிந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். "மரியா." அடுத்தது, "யோஹன்." இன்னொன்று, "கத்தரீனா." இறந்து நூறு வருடத்துக்கு மேலாகியும், எங்கோ லண்டனிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருத்தி அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. நான் உயிரோடுதானே இருக்கிறேன், கேட்டால் என்ன என்று நினைத்தாள். இன்றைக்கே கேட்பது. பஸ் ஏற முதல்.

இறங்கும்போது வேறு படிக்கட்டால் இறங்கிவிட்டாள். அது அவளைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கரைக்குக் கொண்டுவந்து விட்டது. அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தாள். அன்னம் ஒன்று கரையோரம் வந்து அவள் கையைப் பார்த்தது. அப்போதுதான் சதுக்கத்திலிருந்து கணேஸ்வரனின் குரல் கேட்டது.

"இஞ்சேர்!"

கழுத்து தன்பாட்டில் திரும்பப் போனது. பிடித்து நிறுத்தினாள்.

"இஞ்சேர்! எங்கை நிக்கிறீர்?"

படம் எடுத்துக்கொண்டிருந்த பஸ்ஸில் வந்த பெண்கள் நாலைந்து பேர் ஒன்றாகத் திரும்பினார்கள். ஒருத்தி "என்னப்பா?" என்று பதிலே சொல்லிவிட்டாள். பவளக்கொடி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணை, உங்களுக்கு எந்த இஞ்சேர் வேணும்? இஞ்சை ஒரு கூட்டமே நிக்குது. பேரைச் சொல்லுங்கோவன்!"

சிவரூபினி கடைக்கண்ணால் பார்த்தாள். கணேஸ்வரன் வாயைத் திறந்தார். பிறகு மூடினார். காது மடல் சிவந்துவிட்டது. அதற்குள் அவள் இருக்குமிடம் தெரிந்துவிட, வேகமாக வந்தார். தோளில் பெண்கள் கைப்பை. இரண்டு கையிலும் ஐஸ்கிரீம் கோன், உருகி முழங்கை வரைக்கும் வழிந்திருந்தது.

"கூப்பிட்டது கேக்கேல்லையோ?"

"கேட்டது."

"பின்னை ஏன் திரும்பேல்லை? அந்தப் பவளக்கொடி என்ரை மானத்தை வாங்கிப்போட்டாள்."

"இவ்வளவு பேர் திரும்பினவை. பிறகு நான் ஏன்?"

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "என்ன, கோவமோ? எலும்பைப் பாத்து ஏதும் பயந்திட்டீரோ? அழுதனீரே?"

"இல்லை. எனக்கு உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். கனகாலமா."

தூரத்தில் நவரத்தினம் கையைத் தட்டி ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். கணேஸ்வரன் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு ஒரு கோனை அவளிடம் நீட்டிவிட்டு, வாங்கில் பக்கத்தில் இருந்தார்.

"பஸ் நிக்கட்டும். கேளும்."

"சிரிக்கக் கூடாது."

"சிரிக்கேல்லை. சொல்லும்."

ஐஸ்கிரீம் விரலில் ஒழுகுவதைக்கூடத் துடைக்காமல், அவள் அவர் முகத்தை நேரே பார்த்தாள்.

"ஆக்களுக்கு முன்னாலை வேண்டாம். வீட்டிலை, நாங்கள் ரெண்டு பேரும் இருக்கேக்கை எண்டாலும் போதும். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ. முழுசா, சிவரூபினி எண்டு."